தரை தொடாத குட்டி

மூன்று மணி வெயிலில் கிளெனிஸ், கணவன் கிரஹாம் விட்டுப்போன ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வருகிறாள். எண்ணெய் போட ஆளில்லாத சக்கரம் தெரு முழுக்கக் கீச்சிடுகிறது. வண்டிக்குள் பழைய போர்வை, அதன்மேல் பத்து வாரக் கெல்பி இன நாய்க்குட்டி. அது ஊரைப் பார்க்க வேண்டும், சத்தங்களுக்குப் பழக வேண்டும், ஆனால் தரையில் கால் படக் கூடாது. போன கோடையில் வளர்த்த குட்டி பார்வோ என்ற நாய்த் தொற்றுநோய் வந்து மூன்றே நாளில் இரத்தமாகக் கழிந்து செத்தது. அந்தக் கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் கிடக்குமாம். எதிரிலுள்ள மது பார் வாசலிலிருந்து, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் டாரல் இறங்கி வருகிறான். "என்ன கிளெனிஸ், மகாராணி ஊர்வலமா?" குட்டியின் வால் போர்வையை அடிக்கிறது. அவன் கையை நீட்டுகிறான். அவள் வண்டியை நிறுத்தி, உள்ளங்கையை விரித்து உயர்த்துகிறாள். "அங்கயே நில்லு. உன் பூட்ஸுல எத்தனை நாய் மிதிச்ச மண்ணு ஒட்டியிருக்கோ! கடைசித் தடுப்பூசிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு." "கிரஹாம் போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் வெளியில வந்திருக்க. வந்ததும் விரட்டுறியே." "குட்டி பொழைக்கட்டும். அப்புறம் வீட்டுக்கு வா, டீ போட்டுத் தரேன்." டாரல் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறான். பாரின் கதவு சாத்திக்கொள்கிறது. தெருவில் வேறு யாருமில்லை. அவள் கை மட்டும் இன்னும் இறங்கவில்லை. தபால் நிலைய ஜன்னலிலிருந்து பார்க்கும் எனக்கு, அவள் யாரையோ கூப்பிடுவது போலத்தான் இருக்கிறது.