நாலு நிமிஷச் சத்தம்

"உள்ள எப்படிக் கேக்குதுங்கறது எனக்கு முக்கியமில்லீங்ணா. வெளிய கேக்கோணும்," என்றான் ரித்தீஷ்.

பல்லடம் ரோட்டில் பதினெட்டு வருஷமாகக் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டிவரும் டேனியல், இப்படி ஓர் ஆசையை இதுவரை கேட்டதில்லை.

வந்திருந்தது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட். டிக்கி என்ற பெயரில் பின்னால் ஒரு குழி இருந்தது. ஒரு லேப்டாப் பையும் ஒரு டிபன் கேரியரும் வைத்தால் அதன் கதை முடிந்தது. அதற்குள் பன்னிரண்டு இஞ்சில், திம்மென்று அதிரும் சப்வூஃபர் ஸ்பீக்கர் ரெண்டு வேண்டும் என்கிறான், வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் இந்தப் பையன்.

டேனியல் டேப்பை வைத்து அளந்து காட்டினார். ஆழம் பத்தாது, காந்தம் இடிக்கும், மூடி மூடாது. பத்து இஞ்சில் மெலிசாக ஒன்று போட்டு, பெட்டியைக் காற்றுப் போகாமல் அடைத்துவிட்டால் உள்ளே பாட்டு துல்லியமாகக் கேட்கும் என்று எடுத்துச் சொன்னார். ரித்தீஷ் மசியவில்லை. வெள்ளிக்கிழமை வெளிநாட்டு விருந்தாளி வருகிறாராம், அதற்குள் முடியணுமாம்.

பணக்காரக் காதே வேறு தினுசு போல என்று டேனியல் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். வெளியே சிரிக்காததற்குக் காரணம் இருந்தது.

அவர் மனைவி நிர்மலா அந்தக் கம்பெனியில்தான் தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்க்கிறாள். அவள் மேஜைக்குப் பக்கத்திலேயே பின்கதவு. வருஷக்கணக்காக அதற்குப் பூட்டு, பூட்டுக்கு முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கு. மதியமானால் பஞ்சுத் தூசியில் அவளுக்கு மூச்சு இழுக்கிறது. தீ கீ பிடித்தால் ஓட வழியில்லை என்பதை நினைத்தாலே டேனியலுக்குச் சோறு இறங்காது.

டிக்கியின் வளைவுக்கே ஃபைபரில் அச்செடுத்துப் பெட்டி செய்து, ஒரே ஒரு பன்னிரண்டு இஞ்சை எப்படியோ உட்கார வைத்த அன்று, மெதுவாகப் பேச்செடுத்தார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க ஊட்டுக்காரி உங்க கம்பெனியிலதானுங்க செக்கிங். மூச்சு முட்டுதுங்குது. அந்தப் பின்கதவ மட்டும் தெறந்து உட்டீங்கன்னா பெரிய உபகாரமா இருக்குமுங்க."

ரித்தீஷ் யோசிக்கவே இல்லை.

"அதுக்கென்னங்ணா. வெள்ளிக்கிழமை தெறந்துருவாங்க."

டேனியலுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பையனைத் தப்பாக எடை போட்டுவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. அதன்பிறகு வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. பஞ்சர் கிட்டைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, மிச்சமான ரெண்டு இஞ்சையும் பெட்டிக்கே கொடுத்தார். டிக்கி மூடி அதிராமலிருக்க ஒட்டும் ஷீட்டை ரித்தீஷ் வேண்டாம் என்றான். அதிர்ந்தால்தான் வெளியே நன்றாகக் கேட்குமாம். மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒட்டாமல் விட்டார்.

வியாழக்கிழமை சோதனை. டேனியல் கம்பெனி கேட்டில் நின்றார். மெயின் ரோட்டுப் பிரிவில் கார் திரும்பியபோதே கேட்டின் தகரம் கடகடத்தது. மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் பறக்கிற கார், குழிகளையும் வேகத்தடைகளையும் ஒவ்வொன்றாகக் கும்பிட்டுக்கொண்டு ஊர்ந்து வந்து சேர்ந்தது.

"சத்தம் கேட்டதுலிருந்து நான் வர்றதுக்கு எத்தன நிமிஷமாச்சுங்ணா?"

"நாலுங்க தம்பி."

"போதும்," என்று ரித்தீஷ் கை குலுக்கினான்.

நிர்மலாவிடம் டேனியல் எதையும் சொல்லவில்லை. கதவு திறக்கட்டும், அப்புறம் மீசையை முறுக்கிக்கொள்ளலாம் என்றிருந்தார். வெள்ளி சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார்.

"பின்கதவத் தெறந்தாங்களா?"

"தெறந்தாங்க," என்றாள் நிர்மலா. "பனியன் வாங்கற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து, எங்களுக்குப் பாதுகாப்பெல்லாம் சரியா இருக்குதான்னு ஆடிட் பண்ண ஒருத்தர் வந்தாருங்க. வெள்ளிக்கிழமைன்னு மட்டுந்தான் சொல்லுவாராம், எத்தன மணிக்குன்னு சொல்லவே மாட்டாராம். ஓட்டல்ல காருல ஏறுனதும் ஓனரோட போன வாங்கி வெச்சுக்கிட்டாராம், முன்கூட்டி யாருக்கும் தகவல் போயிரக் கூடாதுன்னு."

டேனியல் அவள் கைப்பையை வாங்கி ஆணியில் மாட்டினார்.

"ஆனா ஓனர் காருல என்னமோ புது ஸ்பீக்கராமா. திம்முதிம்முன்னு சத்தம் கேட்டதும் சூப்பர்வைசர் ஓடியாந்தாரு. பூட்டத் தெறந்து, பொட்டிய எல்லாம் நவுத்தி, ஆளுக்கொரு மாஸ்க்கக் குடுத்து முடிக்கவும் காரு உள்ள வரவும் சரியா இருந்துச்சு. அந்த ஆடிட்டர் காதப் பொத்திக்கிட்டே எறங்குனாரு."

"இப்ப கதவு?"

"அவரு போனதும் மாஸ்க்கத் திருப்பி வாங்கிட்டாங்க. கதவையும் பூட்டிட்டாங்க."

நிர்மலா கொஞ்ச நேரம் இருமினாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"எந்தப் புண்ணியவான் அந்த ஸ்பீக்கர மாட்டிக் குடுத்தானோ, நல்ல வேலக்காரனுங்க. பிரிவுல திரும்பறப்பவே கேக்குது."