கொடுக்கைத் தூக்கிய கதை

தவளைகளுக்கும் எங்களுக்கும் கபடிப் போட்டி. நண்டு அணிக்கு நான்தான் தலைவன். முதல் முறை பாடிப் போனதுமே குண்டுத் தவளை ஒன்று என்மேல் விழுந்தது. என் வலது கொடுக்கு சுளுக்கிக்கொண்டு, மேலே தூக்கியபடியே நின்றுவிட்டது.

"ஐயோ, யாராவது வந்து இறக்கி விடுங்கடா!" என்று கத்தினேன். ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"தலைவர் சபதம் போடுறாருடா!" என்று எங்கள் கூட்டம் மொத்தமும் கொடுக்கைத் தூக்கியது. கடுப்பான தவளைகள் பதிலுக்கு நாக்கை நீட்டின. ஆட்டத்தில் படுதோல்வி எங்களுக்குத்தான். ஆனால் அன்றிலிருந்து எங்கே எதிர்ப்பட்டாலும் நாங்கள் கொடுக்கைத் தூக்குவதும், அவர்கள் நாக்கை நீட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

மூன்றாம் நாள் சுளுக்கு விட்டது. நிம்மதியாகக் கொடுக்கை இறக்கப் போனேன்.

"இறக்காதீங்க தலைவரே, தவளைங்க பார்க்குது!" என்று எங்கள் ஆட்கள் பதறினார்கள்.

"யாரு இறக்கப் போறா?" என்று விறைப்பாக நின்றேன்.

இன்றுவரை இடது கொடுக்கால்தான் சாப்பிடுகிறேன்.