சொல்லக் கூடாத ஓட்டை

"நீயெல்லாம் ஒரு தம்பியா?"

வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் அக்கா. தம்பி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பாவம்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே இருக்கிற அத்தனை கம்ப்யூட்டருக்கும் அவள்தான் பொறுப்பு. தம்பி இன்னும் அடியாழத்தில் வேலை பார்ப்பவன். எந்தக் கம்ப்யூட்டரை எடுத்தாலும் எல்லாவற்றுக்கும் கீழே அஸ்திவாரமாகக் கெர்னல் என்று ஒன்று ஓடும். அதில் திருடன் நுழைகிற மாதிரி ஓட்டை இருந்தால், கண்டுபிடித்து அடைக்கிற கூட்டத்தில் அவனும் ஒருத்தன்.

அப்படி ஓர் ஓட்டையை அடைக்க நேற்று வெளியான பேட்ச்சில் அவன் பெயர் இருந்தது. கூடவே அதை எழுதி முடித்த தேதியும் இருந்தது. போன மாசத் தேதி!

"ஒரு மாசமா உனக்குத் தெரியும். தெரிஞ்சும் கல்லு மாதிரி இருந்திருக்கே. போன வாரம் அதே ஓட்டை வழியாத்தான்டா எங்க ஆஸ்பத்திரிக்குள்ள பூந்தாங்க. எல்லா ஃபைலையும் பூட்டிட்டுப் போயிட்டாங்க."

"தெரியும்க்கா."

"என்னடா தெரியும்? ஆக்சிடென்ட் ஆகி நினைவில்லாம ஒருத்தியைத் தூக்கிட்டு வந்தாங்களே, அது தெரியுமா? இந்த ஊசி அவளுக்கு ஆகாதுன்னு ரெக்கார்டுல கொட்டை எழுத்துல இருக்கு. ரெக்கார்டு திறக்கலை. போட்டுட்டாங்க. போயிட்டா. அவ புருஷன் அவளோட ஹேண்ட்பேக்கை மடியில வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், 'கம்ப்யூட்டர் எப்பங்க சரியாகும்'னு. நான் என்னத்தைச் சொல்ல?"

அவளை விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதுகூட அவளுக்குப் பெரிசில்லை. அந்த மனுஷன் உட்கார்ந்திருந்த கோலம்தான் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அவள் கணவர் எழுந்து வந்தார். அவருக்கும் அவளைப் போலவே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற பிழைப்புதான், வேறொரு பெரிய கம்பெனியில்.

"ஏன் மச்சான், கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குறைஞ்சா போயிடுவே?"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "மாமா, நீங்களே இப்படி..."

"பேசாதே! நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஒரு உசுரு போயிருக்கு. இவ நாலு நாளா ஒழுங்காச் சாப்பிடலை. வந்துட்டான் பெருசா!"

எரிகிற நெருப்பில் தன் பங்குக்கு எண்ணெயை ஊற்றிவிட்டு, மனைவிக்குக் காபி போட உள்ளே போனார்.

"சொல்லக் கூடாதுக்கா. அதுதான் எங்க கட்டுப்பாடு," என்றான் தம்பி. "ஒருத்தர் மட்டும் முன்னாடியே அடைச்சா, அவர் எதை மாத்தியிருக்கார்னு பார்த்தே திருடன் ஓட்டை எங்கேன்னு கண்டுபிடிச்சுடுவான். அப்புறம் அடைக்காதவங்க எல்லாரும் மாட்டுவாங்க. அதனாலதான் நாள் குறிச்சு, உலகத்துக்கே ஒரே நேரத்துல வெளியிடறது. அதுவரைக்கும் பெத்த தாய்கிட்டகூட மூச்சு விடக் கூடாது."

"கிழிச்சீங்க! நாள் குறிச்சீங்களே, அதுக்கு முன்னாடியே எப்படிடா வந்தாங்க?"

"எங்கேயோ ஒரு இடத்துல அவசரப்பட்டு பேட்ச்சை முன்கூட்டியே போட்டுட்டாங்க. அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

"யாருடா அந்தப் புண்ணியவான்?"

தம்பி தரையைப் பார்த்தான். உதட்டைக் கடித்தான்.

"சொல்லித் தொலையேன்!"

"தப்பு என் மேலதான்க்கா."

காபியோடு வந்த கணவர் காதில் இது மட்டும் விழுந்தது. "கேட்டியா? அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்!"

அவ்வளவுதான். அக்காவுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ!

"இனிமே எனக்குத் தம்பியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் செத்தாலும் நீ இந்தப் பக்கம் வரக் கூடாது. போடா வெளியே!"

அவன் ஒரு தடவை மாமாவைப் பார்த்தான். அப்புறம் அக்காவைப் பார்த்தான். படியிறங்கிப் போனான்.

அக்கா சோபாவில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதாள். சின்ன வயசில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோடு தாண்டிய தம்பி.

கணவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். "விடும்மா. சொந்தமாவது, பந்தமாவது! எல்லாம் சுயநலம் புடிச்ச உலகம். முதல்ல காபியைக் குடி."

ஒரு வாய் குடித்தாள். சட்டென்று என்னவோ ஞாபகம் வந்தவளாக டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, எனக்காக நீங்க லீவு போட்டுட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கீங்க. பேட்ச் நேத்துத்தானே வெளியில வந்திருக்கு? உங்க கம்பெனியில இன்னும் போட்டிருக்க மாட்டீங்க. கிளம்புங்க. நான் எப்படியோ இருந்துக்கறேன். முதல்ல போய் அதைப் போடுங்க. இன்னொரு குடும்பம் என்னால... நம்மால அழ வேணாம்."

"அட, அதுக்கா இந்தப் பதற்றம்? எங்க கம்பெனியில அதெல்லாம் போன மாசமே போட்டாச்சு. உன் தம்பிகிட்ட கெஞ்சிக் கூத்தாடி நான்தான் முன்கூட்டியே வாங்..." என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.