ஐந்துக்குப் பூஜ்யம்

"இந்த நுரையீரல் யாரோடது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்தினார் ரகுராமன். பெரிய திரையில் ஒரு நெஞ்சு ஸ்கேன் கறுப்பும் வெளுப்புமாகத் தெரிந்தது. "அடியேனோடதுதான்!"

பெங்களூரிலிருந்து வந்திருந்த கம்பெனிக்காரர்கள் தட்டினார்கள். ரகுராமனின் மையம் போல மாவட்டத்துக்கு ஒன்று திறக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள். தட்டாதவர் அவர்களோடு வந்த ஸ்கேன் டாக்டர் அஹமது கபீர் ஒருவர்தான். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவிடைமருதூரில் தாத்தா விட்டுப்போன நெல் கிடங்குக்கு ஏசி போட்டு, 'பஞ்சநேத்ரா டேட்டா சர்வீசஸ்' என்று பலகை மாட்டியவர் ரகுராமன். பல ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து ஸ்கேன் படங்கள் அங்கே வரும். முதலில் கம்ப்யூட்டர் பார்த்து, கட்டி உண்டு, இல்லை என்று தன் கருத்தைச் சொல்லும். பிறகு பயிற்சி பெற்ற ஐந்து பெண்கள் தனித்தனியே பார்த்து, சந்தேகமான இடத்தைச் சுற்றி வட்டம் போடவேண்டும். இல்லையென்றால் 'ஒன்றுமில்லை' என்ற பொத்தானை அழுத்தவேண்டும். ஐந்தில் மூன்று பேர் சொல்வதுதான் தீர்ப்பு. கம்ப்யூட்டரும் அதைப் பார்த்தே பாடம் படித்துக்கொள்ளும்.

"ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பி அடிக்க வழியே கிடையாது" என்று பெண்களுக்கு நடுவே இருந்த தடுப்புகளைத் தட்டிக் காட்டினார். "வேலை நேரத்துல பேச்சு கூடாது. ஒரு தடவை அழுத்தினா அழுத்தினதுதான், திருத்த முடியாது. மத்த நாலு பேரோட ஒத்துப்போகாம தனியா நின்னா மார்க் குறையும். மூணு தடவை தனியா நின்னா வீட்டுக்குப் போகவேண்டியதுதான், மறுநாளே அந்த சீட்டுல வேற ஆள். மார்கழியிலகூட பூமிகான்னு ஒரு பொண்ணை அனுப்பிச்சேன். எதைக் காட்டினாலும் வட்டம் போடறா! பொங்கல் கோலம்னு நெனச்சுட்டா போல."

சிரிப்பு எழுந்தது. தடுப்புகளுக்குள் இருந்த ஐந்து பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. அதையும் தான் வளர்த்த ஒழுக்கம் என்றே எடுத்துக்கொண்டார் ரகுராமன்.

"இப்ப என் கதைக்கு வரேன். ரெண்டு மாசம் முன்னால, இருமல் விடலையேன்னு தஞ்சாவூர்ல ஸ்கேன் எடுத்தேன். அங்க இருந்த டாக்டர், 'சின்னதா ஒரு நிழல் மாதிரி இருக்கு, ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பாத்துடுவோம்'னார். அவருக்குக் கண்ணு ரெண்டு. எனக்குப் பத்து, அதுக்கு மேல ஒரு கம்ப்யூட்டர்! பேரை எடுத்துட்டு, படத்தை அன்னிக்கு வந்த படங்களோட நுழைச்சு விட்டேன். கம்ப்யூட்டர் ஒண்ணுமில்லைன்னுது. பொண்ணுங்க அஞ்சு பேரும் ஒண்ணுமில்லைன்னாங்க. ஐந்துக்குப் பூஜ்யம்! ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்."

பேச்சோடு இருமலும் வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது ஓயும்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"அறுவடைத் தூசி" என்றார். "வயல்ல எல்லாம் மெஷின் ஓடுதில்லையா."

டாக்டர் கபீர் எழுந்து திரைக்கு அருகே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்தார். திரும்பியவர் ரகுராமனிடம் பேசவில்லை, பெண்களிடம் பேசினார்.

"இந்தப் படத்தப் பாத்தது நீங்க அஞ்சு பேருதானாம்மா?"

ஐந்து தலைகளும் அசைந்தன.

"ஒருத்தருக்குக்கூடவா ஒண்ணும் தெரியல?"

"கேளுங்க டாக்டர், நன்னாக் கேளுங்க!" என்றார் ரகுராமன். "கனகா, எழுந்து சொல்லும்மா. என்ன பயம்?"

கனகா மூன்று வருடம் முன்புவரை நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள். இப்போது இங்கே அவளுக்குத்தான் முதல் மார்க். ஒரு தடவைகூடத் தனியாக நின்றதில்லை. எழுந்து, பக்கத்துத் தடுப்புக்கு மேலாக, அங்கே இருந்த அம்சம் என்பவளைப் பார்த்தாள். அம்சம் தலை குனிந்துகொண்டாள்.

"ஞாபகம் இருக்குங்க சார். பூமிகாவ அனுப்புன மறுநாளு வந்த படம். எடது பக்கம் மேல, வெலா எலும்ப ஒட்டி, மொச்சக்கொட்ட கணக்கா ஒண்ணு தெரிஞ்சுது. வட்டம் போடத்தான் கைய வச்சேன். கம்ப்யூட்டரு ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்துச்சு. மத்த நாலு பேரும் அதையேதான் அழுத்துவாங்க, நாம மட்டும் எதுக்குத் தனியா மாட்டணும்னு... நானும் அழுத்திட்டேன்."

ரகுராமனின் கை தானாகச் சட்டைப் பைக்கு மேல் போய் நின்றது. ஒரு கணம்தான். கணக்கு அவரைக் கைவிடவில்லை.

"பாத்தேளா? இதுக்குத்தான் டாக்டர் அஞ்சு பேரை வச்சிருக்கேன்! ஒருத்தி தப்பாப் பாத்தாலும் மத்த நாலு பேர் காப்பாத்திடுவா. நாலு பேர் கண்ணுக்குப் படாதது இவ ஒருத்தி கண்ணுக்கு மட்டும் எப்படிப் படும்? இவளுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுங்கோ!"

சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் வரவில்லை. கனகாவும் உட்காரவில்லை.

"அன்னைக்கு டீ குடிக்கிறப்பதான் சார் நாங்க அதப் பத்திப் பேசிக்கிட்டோம்."

"என்னன்னு?"

"அஞ்சு பேருக்குமே தெரிஞ்சிருக்கு சார்."