சிந்தாத அடுப்பு

"ஏஞ்சாமி, கப்பல் ஏதாச்சும் வாங்கிப்போட்டீங்களா?"

செவ்வாய்ப்பேட்டை அடுப்புக்கடை மயிலம்மாள் கேட்டதில் தப்பில்லை. அடுப்பு சாய்ந்தாலும் பாத்திரம் சாயக் கூடாது என்று சேலத்தில் வந்து நின்றால் வேறென்ன கேட்பார்கள்?

தமிழரசு ஓட்டுவது லாரி. போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் பின்னாலேயே பைப்பு, டீசல், ஒன்பது ஆட்களின் துணிமணி, ஆள் உள்ளே நின்று சமைக்கிற ஒரு தகரச் சமையல் பெட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகிற லாரி. வருஷத்தில் பத்து மாதம் வடக்கே.

சமையல்காரர் மாதையன் செத்து மூன்று மாதம் ஆகிறது. வேலையை மட்டும் விடவில்லை.

விடிந்து எழுந்தால் லாரியின் பின்பலகையில் டீ வரிசையாக இருக்கும், ஆவி பறக்க.

முதல் வாரம் யாரும் தொடவில்லை. இரண்டாம் வாரம் காளிதாஸ் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, உயிரோடு இருந்தபோது போட்டதற்கு இது தேவலை என்றான். அதோடு பயம் விட்டுப்போயிற்று. காட்டு வேலையில் பேயைச் சமாளிக்கலாம், டீ இல்லாமல் முடியாது.

முதலாளி அர்த்தநாரிக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். "சம்பளம் கேக்கறானா?" என்றார். இல்லையென்றதும், "அப்பறமென்ன, உடுங்க" என்று வைத்துவிட்டார்.

ஒரே ஒரு குறை. ஆட்கள் ஒன்பது, டீ எட்டு.

"செத்தும் எண்ணிக்கை வரல பாரு அந்த மனுசனுக்கு" என்று சிரித்துக்கொள்வார்கள். தனக்கு வயிற்றுப்புண், டீ ஆகாது என்று தமிழரசு சொல்லிவைத்திருந்தான்.

ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய் ஒரு தம்ளரை எடுத்தான். காலி. கீழே வைத்தான். பின்னால் வந்த காளிதாஸ் அதே தம்ளரை எடுத்து ஊதி ஊதிக் குடித்தான்.

அதைத் தமிழரசு யாரிடமும் சொல்லவில்லை.

மாதையன் போனது சத்தீஸ்கரில். மேட்டுச் சரிவில் நின்ற லாரி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல் நழுவி, ஓரடி முன்னால் போயிற்று. பெட்டிக்குள் கொதித்துக்கொண்டிருந்த சாம்பார் அண்டா அவர் மேல் கவிழ்ந்தது. போலீஸ்காரர் இந்தியில் எழுதிக்கொண்டதும் அதைத்தான். கல் நழுவியது.

சமையல் பெட்டிக்கென்று ஒரு சட்டம் உண்டு. வண்டியை எடுக்கும் முன் டிரைவர் பெட்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வராமல் சாவியைத் தொடக் கூடாது. பாவம், கல்லுக்கு அந்தச் சட்டம் தெரியாதே என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

சாம்பார் குடித்த பர்னர் போகப்போகத் துருவேறி, டீயில் புகை நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. வண்டி சர்வீசுக்கு நாமக்கல் வந்ததும் புது அடுப்பு என்று முடிவானது. நான் போறேன் என்று தமிழரசு முந்திக்கொண்டான். "பட்டன்ல பத்தறது வேண்டாம், மாதையனுக்குத் தீப்பெட்டிதான் பழக்கம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

மயிலம்மாள் பரண்மேலிருந்து ஒன்றை இறக்கித் துடைத்தாள்.

நிஜமாகவே கப்பல் அடுப்பு. பாய்மரப் படகு வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் புதுச்சேரியில் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனபோது, பழைய சாமான்காரர் வழியாகச் சேலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆறு வருஷமாகப் பரணில் கிடக்கிறது. மேட்டூர் அணையிலிருந்துகூட ஒருத்தரும் கேட்டு வரவில்லை.

ஒரு இரும்புச் சட்டத்துக்குள் இரண்டு பக்கமும் முளையில் தொங்குகிற அடுப்பு. சட்டத்தை எப்படிச் சாய்த்தாலும் அடுப்பு தொட்டில் மாதிரி ஆடி நேராக நிற்கும். பாத்திரத்தைக் கவ்விக்கொள்ள நான்கு கம்பிகள்.

"உங்க சமையல்காரரயும் கூட்டியாந்து காட்டிருக்கலாமுங்களே."

"அவரு வண்டிய உட்டு எறங்கமாட்டாருங்க்கா."

மயிலம்மாள் சிலிண்டரை மாட்டி, தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்தாள். கடையில் மூன்று பேருக்கு டீ. அவளுக்கு, பில் போடும் இலக்கியாவுக்கு, தமிழரசுக்கு. பாத்திரத்தில் மூன்று தம்ளர் பால் அளந்து ஊற்றினாள்.

டீ கொதிக்கக் கொதிக்கச் சட்டத்தைப் பிடித்து இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இன்னொருக்கா சாய்ங்க" என்றான் தமிழரசு.

சாய்த்தாள்.

"இன்னொருக்காங்க்கா."

"சாமி, இது அடுப்பு, ஒக்காந்து ஆடற தூரி இல்ல" என்று சொல்லிக்கொண்டே சாய்த்தாள். சிந்தவில்லை. அவன் கண் அந்தப் பாத்திரத்தைவிட்டு நகரவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றினாள். முதல் தம்ளர் நிறைந்தது. இரண்டாவது நிறைந்தது.

மூன்றாவதன் மேல் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். எங்கும் ஈரமில்லை.

"மூணு அளந்துதானே ஊத்துனேன். நீயும் பாத்துட்டுத்தானே இருந்த இலக்கியா?"

தமிழரசு அந்தக் காலித் தம்ளரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

"அளவு சரிதானுங்க்கா. அன்னிக்குக் கல்லு நழுவல. வண்டிய நான்தான் எடுத்தேன். தட்டாம எடுத்துப்போட்டேன்."

"எந்தக் கல்லு சாமி?"

அவன் அவளைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இல்லை.

குனிந்து, அடுப்பின் பக்கத் தகரத்தில் விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினான்.

பிறகு காதை ஒட்டவைத்துக்கொண்டு காத்திருந்தான்.