சொல்லிட்டுப் போங்க

மேலூர் பாண்டிச்செல்வியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் வளர்த்து, நடுவே ஒரு கோடு கீறியிருந்தாள் டாக்டர் மாதங்கி. புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்பதுதான் அவளுடைய முதல் ஆராய்ச்சி. செல்கள் கோட்டைத் தாண்டவே இல்லை.

ஒரு மாலை தட்டைப் பார்த்து, "வாரேன்" என்று விடைபெற்றாள்.

"ஆஸ்பத்திரில 'போறேன்'னுதான் சொல்லணும். அதுங்களும் வந்துறப்போகுது!" என்று சிரித்தான் உடன் படிக்கும் ஜெயந்த்.

காலையில் செல்கள் தாண்டியிருந்தன. புதுத் தட்டிடம் "போறேன்" என்றாள், அசையவில்லை. "வாரேன்" என்றாள், தாண்டின. மாதங்கி சந்தோஷத்தில் நோட்டில் எழுதினாள்: தடுக்க ஒரு சொல் போதும்!

அன்று பாண்டிச்செல்வி குணமாகி வீடு திரும்பும் நாள். மாதங்கி வாசலுக்கு ஓடினாள்.

"அக்கா, 'போறேன்'னு சொல்லிட்டுப் போங்க!"

"அது மரியாதையா இருக்காதே தாயி." ஆட்டோவிலிருந்து கைகூப்பினாள் பாண்டிச்செல்வி. "வாரோம்."

பின்சீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.