வந்தது வந்தபடி

மறுபடியும் இறக்கினாள். மறுபடியும் கோப்பு ஊதிப்போய்த்தான் வந்தது.

சர்வரில் இருக்கும் பாட்டைவிட, பதிவிறக்கிய பாட்டு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிசு. வருகிற வழியில் பாட்டு தின்று கொழுக்குமா என்ன?

இசைப்பள்ளியில் சேர விண்ணப்பித்த பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பாட்டைப் பதிவுசெய்து, அவளுடைய நிறுவனம் கட்டிக்கொடுத்த தளத்தில் ஏற்றியிருந்தார்கள். தேர்வாளர்கள் அவற்றை இறக்கிக் கேட்க வேண்டும். இறக்கினால் ஒன்றுகூடப் பாடவில்லை. மதியத்துக்குள் திறக்காத கோப்புகளை ஒதுக்கிவிடுவோம் என்று பள்ளியிலிருந்து கறாராக எழுதிவிட்டார்கள்.

ஒதுக்கப்படப்போகிறவற்றில் ஒன்று அவள் மகளுடையது.

மேலாளருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. பிள்ளைகளையே மறுபடி ஏற்றச் சொல்லிவிடலாமே என்று செய்தி அனுப்பியிருந்தார். அவளுக்குச் சுருக்கென்றது. சர்வரில் கோப்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன. கோளாறு நம்முடையது. நம் கோளாறுக்குப் பிள்ளைகள் ஏன் அலைய வேண்டும்?

மாட்டேன் என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

தளத்தைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றாள். அப்படி நின்றால்தான் அவள் திரையை விட்டுக் கண்ணெடுப்பாள் என்பது அலுவலகத்துக்கே தெரிந்த விஷயம். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குள் வாடி போடிதான்.

"நான் டெஸ்ட் பண்ணப்போ நல்லாத்தானேடி இறங்குச்சு!"

டெஸ்டர் எதை வைத்துச் சோதித்தாள் என்று இவள் தேடிப் பார்த்தாள். நாலே வரியில் ஓர் எழுத்துக் கோப்பு. சின்னது, சட்டென்று இறங்கும் என்று இந்த அலுவலகத்தில் எல்லோரும் எப்போதும் அதையேதான் இறக்கிப் பார்க்கிறார்கள். அவளும்தான். தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் அங்கேதான் பிடி கிடைத்தது.

தளத்துக்கு அடித்தளமாக இருக்கும் ஃபிரேம்வொர்க் என்ற மென்பொருள், தன் வழியாக வெளியே போகும் எல்லாவற்றையும் எழுத்து என்றே நினைத்துக்கொண்டிருந்தது. பாட்டுக் கோப்பில் எழுத்து ஏது? வெறும் எண்களாலான பைட்டுகள். தனக்குப் புரியாத பைட்டையெல்லாம் பிழை என்று தானே முடிவுகட்டி, தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தன் கைச்சரக்கை வைத்து அனுப்பியிருக்கிறது. திருத்துகிறதாம்!

அவசரத்தில் முதலில் கோப்பின் வகையை மட்டும் மாற்றினாள். இது பைனரி, எழுத்தல்ல என்று சர்வர் அனுப்பும் பதிலின் தலைப்பகுதியில் குறித்துவிட்டு இறக்கினாள். அதே ஊத்தம். கடையின் பெயர்ப்பலகையை மாற்றினால் உள்ளே இருக்கும் சரக்கு மாறிவிடுமா?

கோபம் வந்தால் அவள் விரல்கள் வேகமாக ஓடும். கோப்பை எழுத்தாகப் படிக்கும் வரிகளை மொத்தமாக அழித்தாள். பைனரியாகத் திற, துண்டு துண்டாக எடு, எடுத்ததை அப்படியே கொடு, நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது என்று புதிதாக எழுதினாள். தேநீருக்குக் கூப்பிட வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

மகளின் கோப்பை இறக்கினாள். அளவு ஒன்றாக இருந்தது. அது மட்டும் போதாது. இரண்டையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுப் பார்க்கக் கணினிக்குச் சொன்னாள். கடைசி பைட் வரை ஒன்றேதான்.

அப்பாடா.

இருந்தாலும் ஒருவர் கேட்டுச் சொன்னால்தானே நிம்மதி? ஹெட்ஃபோனை எடுத்து டெஸ்டரிடம் நீட்டினாள்.

டெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தலை மெல்ல ஆடியது. ஆடிக்கொண்டிருந்த தலை ஓரிடத்தில் சட்டென்று நின்றது. பிறகு மறுபடி ஆடியது.

"சூப்பரா பாடுறாடி உன் பொண்ணு. ஆனா நடுவுல ஒரு இடத்துல குரல் உடைஞ்சுபோகுது. வேற பதிவு இருந்தா மாத்திடேன், சர்வர் உன் கையிலதானே இருக்கு?"

வேறு பதிவு இருந்தது. மகள் அன்று மூன்று முறை பாடியிருந்தாள். மற்ற இரண்டும் அம்மாவின் ஃபோனிலேயே இருந்தன. மாற்றுவதற்கு ஒரு நொடி போதும், யாருக்கும் தெரியாது. குரல் உடைந்ததற்காகவே மகளைக் கழித்துக்கட்டிவிடுவார்களோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் கையில் சர்வர் இல்லையே.

எந்த இடம் என்று கையால் கேட்டாள். டெஸ்டர் திரையில் ஓடும் கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். சரியாகப் பாதிப் பாட்டில்.

அந்த இடத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பள்ளிக்குப் பதில் தட்டினாள். எல்லாக் கோப்புகளும் இப்போது திறக்கும், பிள்ளைகள் அனுப்பிய எதையும் நாங்கள் மாற்றவில்லை.

அனுப்பியும்விட்டாள்.

பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது. மகள் பாடும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பாள். மூன்றில் எதை அனுப்பட்டும் என்று மகள் கைஜாடையில் கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல் இதைத்தான் காட்டினாள்.

இதில்தான், பாதிப் பாட்டில், மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.